சித்தியின் விரல்

மும்பை லோயர் பரேலில் பழைய மில் வளாகம் ஒன்றுக்குள் இருந்த அந்த விளம்பர நிறுவனத்தில் என்னைத் ‘தமிழ்ப் பையன்’ என்றுதான் சொல்வார்கள். பதவிப் பெயர் கிராஃபிக் டிசைனர். வேலை என்னவோ பெரும்பாலும் அடாப்ட். ஆங்கில விளம்பரம் முதலில் தயாராகும். படம், நிறம், எழுத்து எல்லாம் முடிவாகி, வாடிக்கையாளர் சரி சொன்ன பிறகு அது இந்தி, மராத்தி, குஜராத்தி என்று ஒவ்வொரு மேசையாக நகரும். என் மேசைக்கு வரும்போது பெட்டியின் அளவு முடிவாகியிருக்கும். ‘அப்ளை நவ்’ இருந்த இடத்தில் ‘இப்போதே விண்ணப்பியுங்கள்’ உட்கார வேண்டும். உட்காராது. உட்கார வைப்பதற்குத்தான் சம்பளம்.

வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. எழுத்தளவைச் சொல்லும் பாயிண்டைக் குறை. வரி இடைவெளியை இறுக்கு. அதுவும் போதவில்லையென்றால் எழுத்தை அகலவாக்கில் 85 சதவீதத்துக்கு நசுக்கு. நான் மூன்றையும் செய்தேன், மூன்று வருடம். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தத் தளத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வீடு தாராவியில். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பெயர்ப்பலகை எழுதுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எழுபதுகளில் பம்பாய்க்கு வந்தவர். நைன்டி ஃபீட் ரோட்டில் அவர் கைபடாத பலகை குறைவு என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒன்றை மட்டும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மராத்திப் பலகை என்றால் முதலில் சுண்ணாம்புக் கட்டியால் மேல்கோட்டை இழுத்துவிட்டு எழுத்துகளை அதிலிருந்து தொங்கவிடுவார். தமிழ் என்றால் நடுவில் இரண்டு கோடு போடுவார். அப்புறம் மேலே நான்கு விரல், கீழே நான்கு விரல் வைத்து அளந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவார். “மேல விலங்கு சுழிக்கணும், புள்ளி நிக்கணும். கீழ கால் இறங்கணும். எடம் இல்லன்னா எங்கலே போகும்?” என்பார். விலங்கு என்றால் ‘கி’, ‘கீ’யின் மேல் வரும் வளைவு. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ‘லை’ தன் துதிக்கையை இழந்த பிறகும், இவர் ரொம்ப காலம் துதிக்கை போட்ட ‘லை’தான் எழுதிக்கொண்டிருந்தார். பம்பாய்க்கு ஆணை வந்து சேரவில்லை என்பார், சிரிக்காமல்.

அந்த நான்கு விரல் கணக்கு எனக்கு அப்போது கைவேலைக்காரரின் பழக்கமாகத்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மருத்துவ அறக்கட்டளைக்காக நிறுவனம் இலவசமாகச் செய்த வேலை அது. சர்க்கரை நோயாளிகளுக்கான துண்டறிக்கை. ஏ4 தாளை மூன்றாக மடித்தால் வருமே, அது. ஆங்கிலம், மராத்தி, தமிழ் மூன்று மொழியும் ஒரே தாளில். தமிழ் உரையை அவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். என் பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பப் போனார். எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றி எடுத்தேன். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் அடுத்த கூத்து. இந்திய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளை அடுக்கும் அமைப்பை, தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராது, பின்னால் போய் நின்றுகொள்ளும். சேமிக்கப்படும் வரிசையில் மெய் முதலில், உயிர்க்குறி அடுத்து. கண்ணுக்கு அது இடம் மாறித் தெரிய வேண்டும். மென்பொருளுக்கு அந்த இடமாற்றத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ் தெரியாத டிசைனர்கள் செய்த எத்தனையோ பலகைகளில் கொம்பு தனியாக நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு அமைப்புதான். மீதிப் பாதி, வாசித்துப் பார்க்க ஆள் இல்லாதது.

அதையெல்லாம் சரி செய்த பெருமிதத்தில் கடைசியில் வழக்கமான காரியத்தைச் செய்தேன். ஆங்கிலம் 9 பாயிண்ட், வரி இடைவெளி 11. தமிழுக்கும் அதே 9, அதே 11. இரண்டு பக்க ஓரமும் சமமாக ஜஸ்டிஃபை. இடம் பற்றவில்லை, 85 சதவீதம் நசுக்கல். ஆர்ட் டைரக்டர் பார்த்துவிட்டு, பக்கம் நன்றாகக் ‘கட்டாக’ வந்திருக்கிறது என்றார். அவருக்கு அது சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான்.

அச்சாகி வந்ததும் ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். சித்திக்குச் சர்க்கரை உண்டு. நான் செய்தது என்று காட்டும் ஆசையும் உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரல் வைத்து, சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தார். நான்காவது வரி முடிந்து விரல் இடது பக்கம் திரும்பியது. மறுபடி நான்காவது வரியையே வாசித்தார். நிறுத்தினார்.

“ஏல, இதத்தான இப்ப வாசிச்சேன்?”

இன்னொரு தடவை முயன்றார். இந்த முறை ஒரு வரி தாண்டிப் போய்விட்டது. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று தொடங்கியவர் அடுத்த மாத்திரையின் ‘பின்’னில் போய் முடித்தார். “கண்ணு போச்சுப்பா” என்று தாளை மடித்து வைத்துவிட்டார். கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு செய்தவன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு அந்தத் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல்வரியின் ‘பு’, ‘சு’ கால்கள் கீழ்வரியின் விலங்குச் சுழியை முட்டிக்கொண்டிருந்தன. ‘ழ’வின் வால் அடுத்த வரிப் புள்ளியின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்துகள் நடுப்பட்டையிலேயே முடிந்துவிடும், மேலும் கீழும் நீள்பவை சில. வரிக்கு வரி நடுவில் இயல்பாகவே ஒரு வெள்ளைக் கோடு விழும். கண் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். தமிழில் நாம் அந்த வெள்ளையை வேண்டுமென்றே விட்டால்தான் உண்டு. அப்புறம் பாயிண்ட் விவகாரம். பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல, ஈய அச்சுக் காலத்தில் எழுத்து நின்ற கட்டையின் உயரம். அந்தக் கட்டைக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது வரைந்தவர் விருப்பம். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே எண்ணைப் போடுவது நீதி மாதிரித் தெரியும், நீதி இல்லை.

நசுக்கல் இன்னும் மோசம். அகலத்தை மட்டும் குறைத்தால் நிற்கும் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் அதே தடிமனில் இருக்கும். ‘தி’யும் ‘தீ’யும் அந்தச் சின்னச் சுழியில்தான் பிரிகின்றன. சுழி அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்று. ‘ர’வுக்கும் ‘கா’வில் வரும் துணைக்காலுக்கும் அடியில் உள்ள சிறு சாய்வுதான் வித்தியாசம், அதுவும் கரைந்திருந்தது. ஜஸ்டிஃபை செய்ததன் பலன் தனி. ‘பரிசோதித்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிட, அதற்கு மேல்வரியில் இரண்டே சொற்கள் ஆளுக்கொரு கரையில் நின்றுகொண்டிருந்தன.

இடத்துக்காகத் தமிழை இறுக்குவது நான் கண்டுபிடித்ததும் இல்லை. தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. தாளோ தட்டுப்பாடு. இந்தியாவிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அவர்கள் பெரிய எழுத்தை நசுக்கவில்லை, நசுக்கவும் முடியாது. சிறிய எழுத்தைப் புதிதாகச் செதுக்கினார்கள்.

அந்த வித்தியாசம் இன்றும் செல்லும், அதுவும் இதே ஊரில். விண்டோஸில் நாம் வருடக்கணக்காகப் பார்த்த இந்தி ‘மங்கள்’, தமிழ் ‘லதா’ எழுத்துருக்களுக்குப் பின்னால் இருந்தவர் ஆர். கே. ஜோஷி. விளம்பரத் துறையிலிருந்து போய்ப் பவாயில் ஐஐடியின் வடிவமைப்புப் பிரிவான ஐடிசியில் கற்பித்தவர். எழுத்துரு வரையும் மும்பையின் ஏக் டைப் குழு செய்த முக்தா மலர், பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருக்கள் இரண்டையும் இலவசமாகவே எடுக்கலாம். 2022இல் அவர்கள் வெளியிட்ட அனேக் தமிழ் எழுத்துருவில் தடிமன் போலவே அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். குறுகிய வடிவம் வேண்டுமென்றால் குறுக்கியே வரைந்த எழுத்து கிடைக்கும், சுழி அடைக்காது. எனக்கு அதற்கு முன்னால் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. சரி, போகட்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க இப்போது எனக்கென்று ஒரு சின்னப் பழக்கம். பட்டியலில் அதன் பெயர் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதில்லை. உகர, ஊகார வரிசையைத் தட்டிப் பார்ப்பேன். கு, சு, டு, ணு, து, று எல்லாம் ஒரே குறியை ஒட்டி வருபவை அல்ல, பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக முப்பத்தாறையும் தனித்தனியாக வரைய வேண்டும். சோம்பல் இருந்தால் அங்கேதான் தெரியும், ‘ஞூ’வில் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் 8 பாயிண்டில் ஒரு பத்தியை அச்செடுப்பேன், திரையில் அல்ல, தாளில். தலைப்பில் எழுத்து இடைவெளியைக் கூட்டச் சொன்னால் மட்டும் இப்போதும் சண்டை போடுவேன். ‘கொடை’யை ஆங்கிலத் தலைப்பு மாதிரி இழுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய், அந்தக் கால் ‘ர’வாகி நிற்கும்.

துண்டறிக்கையை மறுபடி செய்ய அனுமதி கேட்டேன். ஆர்ட் டைரக்டர், “யாராவது புகார் செய்தார்களா?” என்றார். “என் சித்தி” என்றேன். சிரித்தார், ஆனாலும் விட்டுவிட்டார். ஆங்கிலத்தைச் சின்ன பெட்டிக்கு மாற்றி, பின்பக்கத்துப் படத்தை எடுத்துவிட்டு, தமிழுக்கு 10.5 பாயிண்ட், வரி இடைவெளி 16 கொடுத்தேன். இடது ஓரம் மட்டும் நேர், வலது ஓரம் அதன் இஷ்டம். பக்கம் கட்டாக இல்லை என்று ஒரு முணுமுணுப்பு வந்தது.

அச்சுக்கு முன் மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சித்தப்பா கையில் வாங்கி, வாசிக்காமல், தூரத்தில் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு பத்தி, இரண்டு பத்தி. விரல் வரி முடிவுக்குப் போய், திரும்பி, அடுத்த வரிக்கு இறங்கியது. பாதியில் நிறுத்தினார். எனக்குப் பக்கென்றது.

“இந்த மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னால போடணுமா? நான் இத்தன நாளும் பின்னாலல்லா போட்டுட்டு இருக்கேன்” என்றார் சித்தப்பாவிடம்.