ஃபுட்ரெஸ்ட் வளைந்த விபத்து, என்ஜின் வரைக்கும் போன கதை

விபத்தில் அடிபட்ட என் பைக் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது, இன்சூரன்ஸ் கிளெய்ம் பணமும் பாஸாகிவிட்டது. ஆனால் நடுவில் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. விழுந்ததில் எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வண்டிக்கு ஒரு இண்டிகேட்டரும் ஒரு கண்ணாடியும் உடைந்து ஃபுட்ரெஸ்ட் வளைந்தது. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். என்ஜினை உடைத்தது அந்த ஃபுட்ரெஸ்ட்தான். அதற்கு மேல் ஒரு சேதத்தை, பழுது பார்க்க விட்ட இடத்திலேயே செய்தார்கள்.

கிருஷ்ணகிரியில் வேலை முடிந்து தர்மபுரி திரும்பிக்கொண்டிருந்தேன். மாம்பழ சீசன். காரிமங்கலம் பக்கம் சர்வீஸ் ரோட்டில் லோடு வண்டியிலிருந்து விழுந்த பழங்கள் நசுங்கிக் கிடந்தன. முன்சக்கரம் வழுக்கி, வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, சிமென்ட் கட்டையில் ஃபுட்ரெஸ்ட் இடித்து நின்றது. வேகம் இல்லை, வேறு யார் மீதும் படவில்லை. நிமிர்த்தி ஸ்டாண்ட் போட்டபோதுதான் அடியில் கறுப்பாக ஏதோ சொட்டுவதைப் பார்த்தேன்.

பக்கத்திலேயே ஒரு சின்ன ஒர்க்ஷாப் இருந்தது. அங்கிருந்த அண்ணன் வந்து தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாத. ஆயில் பூராவும் கீழ இறங்கிட்டு இருக்குது" என்றார். என் வண்டி போன்ற பல 125 சிசி வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் பார், என்ஜினின் அடிப்பக்கத்தில் கிராங்க் கேஸோடு (என்ஜினின் அடிக்கூடு, ஆயில் நிற்பது இதற்குள்தான்) சேர்த்து போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். ஃபுட்ரெஸ்ட்டில் விழும் இடி நேராக அந்த போல்ட் உட்காரும் இடத்துக்குப் போகும். கேஸ் அலுமினியம், வளையாது, விரிசல் விடும். அவர் விரலால் துடைத்துக் காட்டினார்: போல்ட்டைச் சுற்றித் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. துடைத்த மறுநொடியே அதில் எண்ணெய் கசிந்து நிறைந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. "இன்சூரன்ஸ் போடுவ இல்ல? மீட்டர போட்டோ எடுத்துக்க. கீழ கொட்டுன ஆயிலயும் எடு. நான் கிக்கர கையால அமுத்துறேன், அத வீடியோ எடு." கிக்கர் சிக்கலில்லாமல் மெதுவாக இறங்கி ஏறியது, அதாவது அந்த நேரம் வரை பிஸ்டன் நன்றாக இருந்தது. கூலி எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். டாடா ஏஸ் என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று பிடித்து, வண்டியை ஏற்றித் தர்மபுரி கொண்டு வந்தேன். வாடகை 1,200 ரூபாய், டிரைவரிடம் தேதி, நேரம் போட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கினேன்.

இவ்வளவு ஆதாரம் எதற்கு என்றால், நம் பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. விபத்துக்குப் பிறகு, தேவையான ரிப்பேர் செய்யாமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் கூடினால், கூடிய சேதம் முழுக்க நம் பொறுப்பு. ஆயில் ஒழுகும் வண்டியை "வீடுதானே, மெதுவாகப் போய்விடலாம்" என்று ஓட்டி வந்தால் பிளாக் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்), பிஸ்டன் எல்லாம் போகும், கிளெய்மும் அதோடு போகும். தயவுசெய்து ஓட்டாதீர்கள், தள்ளுங்கள் அல்லது ஏற்றுங்கள்.

அன்று இரவே இன்சூரன்ஸ் கம்பெனியின் டோல்ஃப்ரீ எண்ணில் சொல்லி கிளெய்ம் நம்பர் வாங்கியாயிற்று. மறுநாள் சர்வீஸ் சென்டரில் வண்டியை இறக்கும்போது, ஜாப் கார்டில், அதாவது வண்டியை வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டில், "ஆயில் இல்லை, ஸ்டார்ட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லி நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதினார். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதே கவுன்ட்டரில் அடுத்த அலைச்சல் ஆரம்பித்தது. எஃப்ஐஆர் இல்லாமல் கிளெய்ம் போட முடியாது என்றார். லீவு போட்டுக் காவல் நிலையம் போனேன். அங்கே இருந்த ஏட்டு, "எதிர் பார்ட்டி இல்ல, யாருக்கும் காயம் இல்ல, இதுக்கு எதுக்குப்பா எஃப்ஐஆர்?" என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டேன், தேவையில்லை என்றார்கள். அடுத்து, புகைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அதனால் கிளெய்ம் கிடைக்காது என்று அதே கவுன்ட்டரில் சொன்னார்கள். இதுவும் தவறு. புகைச் சான்றிதழ் இல்லை என்பதற்காக கிளெய்மை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2020 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆவணம் எது வேண்டும் என்பதைக் கம்பெனியிடம் கேளுங்கள், கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வதை நம்பி அலையாதீர்கள்.

இரண்டு நாளில் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "சார், எங்க லீக்காகுதுன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சுப் பாத்தோம். உள்ள சத்தம் வருது சார், பிஸ்டனும் போயிருக்கும் போல. எஸ்டிமேட்ல சேத்துடறேன்." கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. ஜாப் கார்டில் எழுதி வைத்த பிறகும் யாரோ ஒரு பையன் செல்ஃப் போட்டு, எண்ணெய் இல்லாத என்ஜினை ஐடிலில் ஓடவிட்டிருக்கிறான். போன் செய்து கேட்டபோது, "எப்படியும் இன்சூரன்ஸ்தானே சார் தரப்போகுது" என்றார். எஸ்டிமேட் 23,000 ரூபாயைத் தாண்டியது.

இன்சூரன்ஸ் தரவில்லை. சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து, கழற்றி வைத்திருந்த பிஸ்டனை எடுத்துக் கீறல்கள் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் இல்லாமல் ஓடிய என்ஜின் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விபத்தின் நேரடிச் சேதம் அல்ல, அதைத் தொடர்ந்து வந்த சேதம் என்று மொத்த என்ஜின் வேலையையும் தள்ளி, கண்ணாடி, இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட் இவற்றுக்கு மட்டும் எழுதினார். விரிசல் விட்ட கேஸை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் சர்வே ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கினேன். நமக்கு அது தரப்பட வேண்டியது, கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில் எழுதினேன். விழுந்த இடத்தில் எடுத்த மீட்டர் படமும் ஜாப் கார்டில் எழுதிய கிலோமீட்டரும் ஒன்றே, ஏஸ் வாடகைச் சீட்டு இருக்கிறது, கிக்கர் வீடியோ இருக்கிறது, அட்வைசரின் குரல் பதிவு இருக்கிறது, ஆகவே நான் வண்டியை ஓட்டவில்லை. கேஸ் உடைந்தது ஃபுட்ரெஸ்ட் இடித்ததால், அதை மறுபடி பாருங்கள். இவ்வளவுதான் எழுதினேன். கோபத்தில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. என் விஷயத்தில் அதுவரை போகவில்லை. சர்வேயர் திரும்ப வந்தார். இந்த முறை கேஸைக் கவிழ்த்து, போல்ட் உட்காரும் இடத்தைப் பக்கத்திலிருந்து படம் எடுத்தார். கிராங்க் கேஸ், கேஸ்கெட் செட், ஆயில் சீல், என்ஜின் இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் சேர்ந்தன. பிளாக்கும் பிஸ்டனும் சேரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது, அவை விபத்தில் போகவில்லை.

அவற்றுக்கு சர்வீஸ் சென்டர்தான் பதில் சொல்ல வேண்டும். மேனேஜரைப் பார்த்து ஜாப் கார்டு வரியைக் காட்டி, குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். முதலில் பாதி விலை என்றார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுக்க எழுதி வைத்திருந்த மனுவை மேசையில் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, முழுவதும் தாங்களே போட்டுத் தருவதாக பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உண்மையைச் சொன்னால், இந்த மொத்த விவகாரத்திலும் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது அப்போதுதான்.

கேஸ் மாற்றுவதில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். என்ஜின் நம்பர் பொறித்திருப்பது கிராங்க் கேஸில்தான். என் வண்டியில் அது இடப்பக்கப் பாதியில் இருந்தது, உடைந்தது வலப்பக்கம். நம்பர் இருக்கும் பாதி உடைந்திருந்தால் ஆர்டிஓ அலுவலகம் வரை போய் ஆர்சியையும் பார்க்க வேண்டியிருக்கும். எஸ்டிமேட் போடும்போதே எந்தப் பாதி என்று கேட்டுவிடுங்கள். உடைந்த கேஸை மாற்றாமல் ஆர்கான் வெல்டிங் அடித்து ஒட்டிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். காரிமங்கலம் ஒர்க்ஷாப் அண்ணனிடம் போனில் கேட்டேன். "சூட்டுல கேஸ் கோணிக்கும் தம்பி, பேரிங் சீட் தப்பிடும், புதுசே போடு" என்றார். புதுசே போட்டோம்.

பாஸான தொகையிலும் முழுதாக வராது. என் வண்டி வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது, மூன்று முடியவில்லை. அதனால் உலோகப் பாகங்களில் 15 சதவீதம் தேய்மானம் பிடித்தார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எப்போதும் 50 சதவீதம். கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய். என்ஜின் ஆயில் நம் செலவு. டாடா ஏஸுக்குக் கொடுத்த 1,200 ரூபாயில் 300தான் வந்தது, இரு சக்கர வாகனத்துக்கு பாலிசியில் உச்சவரம்பே அவ்வளவுதான். ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் பிடிக்காமல் தரும் கூடுதல் கவர்) எடுத்திருந்தால் தேய்மானமாகப் பிடித்த பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். 25 சதவீதமாக இருந்த என்சிபியும் (கிளெய்ம் போடாமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி) அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். அதனால் சின்னத் தொகை என்றால் கிளெய்ம் போடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குகளுக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) சேர்த்தே தருகிறார்கள். அந்த ஐந்து வருடத்தைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பல பாலிசிகளில் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். என் கூட வேலை செய்பவர் இதைக் கேட்டு அன்றே எடுத்துப் பார்த்தார், அவருடையது முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.