கவுன்சில் டாக்ஸ் பில்லில் இரண்டு வரிகள்

இங்கிலாந்தின் எசெக்ஸில் எங்கள் வீட்டுக் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பில்லில் போலீசுக்கு ஒரு வரி, தீயணைப்புக்கு ஒரு வரி. தொகை தனித்தனி, இரண்டையும் தீர்மானிப்பது ஒரே ஆள். பல வருடம் இதைக் கவனிக்காமலே கட்டியிருக்கிறேன்.

2017-ல் வந்த சட்டம்தான் காரணம். போலீஸ் ஆணையரே தீயணைப்புத் துறையையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. இங்கிலாந்திலேயே அதை முதலில் செய்தது எங்கள் எசெக்ஸ், அதே வருடம் அக்டோபரில். இந்த ஆணையர் சீருடைக்காரர் அல்ல, ஓட்டு வாங்கி வருகிற அரசியல்வாதி. 2012-ல் நடந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டதே நூற்றுக்குப் பதினைந்து பேர்தான்!

அவரைக் கேள்வி கேட்க உள்ளூர்க் கவுன்சிலர்கள் அடங்கிய குழு ஒன்று உண்டு. அவர் வரியை உயர்த்தினால் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து தடுக்கலாம். ஆனால் ஒரு தடவைதான். தொகையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால் அப்புறம் தடுக்க முடியாது. பல்லிருக்கிறது, கடிக்கத்தான் விடமாட்டார்கள்.

இப்போது 2028 மே மாதத்தோடு அந்த ஆணையர் பதவியே வேண்டாம் என்கிறது அரசு. பொறுப்பு மேயர்களுக்கு, மேயர் இல்லாத ஊர்களில் கவுன்சில் தலைவர்களுக்கு. சரி, போகட்டும். அந்த மேயரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போவது யார்? நேற்று எங்கள் வார்டு கவுன்சிலருக்கு இதைத்தான் மெயில் போட்டேன். "விடுமுறையில் இருக்கிறேன்" என்று தானியங்கிப் பதில் வந்திருக்கிறது.