கிருதா வெட்டு

சலூனில் இடது கிருதா ஒரு நூல் ஏறிப்போனால் வலதையும் ஏற்றுவார்கள். உடனே இடது இறங்கின மாதிரித் தெரியும். இரண்டு யாகி ஆன்டெனாக்களை அடுக்கி ஒரே ஃபீடரில் (ரேடியோவுக்கு இறங்கும் கேபிளில்) இணைக்கிற ஹாம் ரேடியோக்காரர் வீட்டு மொட்டை மாடியிலும் ஞாயிற்றுக்கிழமை நடப்பது இதுதான். என்ன, முடி திரும்ப வளரும்.

வேலை சின்னது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு, 75 ஓம் கேபிளில் முக்கால் அலைநீளத் துண்டு இரண்டு. ஒவ்வொன்றும் ஆன்டெனாவின் 50 ஓமை 112 ஆக்கும். டீ கனெக்டரில் இரண்டும் சேர்ந்தால் பாதியாகி 56; ஃபீடருக்கு வேண்டியது 50. தாராளமாகப் போதும். டிஷ் மாட்ட வந்தவர் விட்டுப்போன ஆர்ஜி-6 என்கிற 75 ஓம் டிவி கேபிள் பரணில் கிடக்கிறது. அலுமினியப் பின்னலில் ஈயம் பிடிக்காது, எஃப் கனெக்டர்தான்.

வெலாசிட்டி ஃபேக்டர் (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளுக்குள் அலை ஓடும் என்பது) 0.83 என்று வைத்தால் நீளம் 128.7 செ.மீ. இந்த இடத்தில் கை தானாகக் கட்டரைத் தேடும். கொடுக்காதீர்கள். 5 செ.மீ. கூட விட்டு 133.7-இல் வெட்டி, ஒரு முனையில் கனெக்டர் போட்டு, மறுமுனையைத் திறந்தே விட்டு நானோவிஎன்ஏ என்கிற கையடக்க அனலைசரில் மாட்டுங்கள். இம்பிடன்ஸ் (அந்த ஓம் கணக்கு) சைபருக்கு இறங்க வேண்டியது 139.6 மெகாஹெர்ட்ஸில், இறங்குவதோ 142.9-இல். அதாவது இந்த ஒயரின் ஃபேக்டர் 0.85. நுரை இன்சுலேஷன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 133.7-ஐ 142.9-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் 131.8. முதல் கணக்குப்படி வெட்டியிருந்தால் 3 செ.மீ. குட்டை, துண்டு குப்பைக்கு.

அனலைசரின் காலிபரேஷனை, கேபிளை மாட்டும் அடாப்டரின் நுனியில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடாப்டரும் கேபிளாகிவிடும்.

வெட்டுவது முதலில் ஒன்றரை செ.மீ., பிறகு மில்லிமீட்டராக. ஒரு மில்லிக்கு 0.11 மெகாஹெர்ட்ஸ் ஏறும். முதல் துண்டு 145.0, இரண்டாவது 145.3. விடுவாரா? முதலாவதில் மூணு மில்லி. இப்போது அது 145.4. கிருதா காதுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. உண்மையில் 1 செ.மீ. வித்தியாசமே 2 டிகிரி ஃபேஸ்தான். அது யாகிக்குத் தெரியாது, அனலைசர் வாங்கியவருக்குத்தான் தெரியும்.

அடுத்த வெட்டில் 145-இல் ஒன்றுமே இல்லை. இம்பிடன்ஸ் இறங்கும் பள்ளம் 97-இல், எஃப்எம் பாட்டுகளுக்கு நடுவே. கேபிள் செத்துவிட்டது என்று புலம்ப வேண்டாம். திறந்த முனை ஷார்ட் ஆனால் முக்கால் அலை இப்படித்தான் காட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெட்டுவாயைப் பாருங்கள்: பின்னலிலிருந்து ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியில் சாய்ந்திருக்கும்.