புரெவி வெள்ளமும் தவறாக எழுதப்பட்ட பிரிவு இலக்கமும்

2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தபோது, யாழ்ப்பாணக் கடனீரேரியை அண்டிய எங்கள் தாழ்நிலக் குடியிருப்பில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. மீட்புக் குழுவோடு வந்த இராணுவ மேஜர் ஒருவர் மாமியையும் பிள்ளைகளையும் முதலில் படகில் ஏற்றி, எங்கள் எல்லோரையும் மேட்டுப்பக்கப் பாடசாலையில் சேர்ப்பித்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

அல்லல் அதன் பிறகுதான் தொடங்கியது. பாடசாலையில் இராணுவத்தினர் எழுதிய பட்டியலில், நாங்கள் வசிக்கும் கிராம அலுவலர் பிரிவின் ஜே இலக்கத்துக்கு (யாழ்ப்பாண மாவட்டத்தில் அப்பிரிவுகளுக்கு இடப்பட்ட எண்) பதிலாகப் பாடசாலை அமைந்திருந்த பிரிவின் இலக்கம் பதியப்பட்டிருந்தது. வெள்ளம் வடிந்ததும் சேத மதிப்பீட்டுப் படிவம் கேட்க எங்கள் பிரிவின் அலுவலகத்துக்குப் போனால், இடம்பெயர்ந்தோர் பதிவேட்டில் எங்கள் பெயர் இல்லை என்றார்கள். பாடசாலைப் பக்கக் கிராம அலுவலரோ, "உங்கட குடும்ப அட்டை இஞ்ச இல்லையே" என்று திருப்பி அனுப்பினார். கொரோனாக் கட்டுப்பாட்டினால் அலுவலகத்துக்குள் ஆட்களை மட்டுப்படுத்தியே விட்டார்கள். காலை முழுவதும் வெளியே நின்று உள்ளே போன எங்களிடம், கொண்டுபோன கடதாசிகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "அடுத்த கிழமை வாங்கோ" என்ற அந்த உத்தியோகத்தர்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பணிப்பாளர் நாயகமாக அப்போது ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சுதந்த ரணசிங்க இருந்தபடியால், இராணுவத்தின் பட்டியலே போதும் என்று எங்கள் ஒழுங்கையில் பலர் நம்பினார்கள். அது போதாது. மீட்பை யார் முன்னின்று நடத்தினாலும், நட்டஈட்டுக்கான கோவை கிராம அலுவலரின் சான்றோடுதான் பிரதேச செயலகத்துக்குப் போகும்.

இராணுவ முகாம் வாசலில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பது எங்கள் தலைமுறைக்கு இலகுவான காரியமல்ல. ஆனாலும் வேறு வழியின்றிப் போனேன். மேஜர் தமது குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி, எங்களை எந்த ஒழுங்கையிலிருந்து ஏற்றினார் என்பதை உறுதிப்படுத்தி, சரியான பிரிவு இலக்கத்தோடு கடிதம் எழுதி முத்திரையிட்டுத் தந்ததோடு, எங்கள் கிராம அலுவலருக்கும் தொலைபேசியில் விளக்கினார். அதன் பின்னரே மதிப்பீட்டுக்கு ஆள் வந்தது.

ஆகவே, வெள்ளத்தில் தங்கவைக்கப்படும் இடத்தில் யார் பெயர் எழுதினாலும் உங்கள் சொந்தப் பிரிவின் இலக்கத்தைச் சொல்லி, அது பதியப்படுவதைக் கண்ணால் பாருங்கள். சுவரில் வெள்ளம் நின்ற அடையாளத்தைக் கழுவுவதற்கு முன் படமெடுத்து வையுங்கள். எங்கள் கூரைச் சேதத்தை ஏற்றுக்கொண்டவர்கள், படம் இல்லாத காரணத்தால் கெட்டுப்போன நெல் மூட்டைகளைக் கணக்கில் எடுக்கவேயில்லை.