பைபாஸ் தராத இரவு

"சார், டாங்க் லெவல் டிரான்ஸ்மிட்டர் 62 சதவீதம்தான் காட்டுது. மேல இருக்கற ஃபோர்க்ல பிசின் ஒட்டியிருக்கும். ஒரு மணி நேரம் பைபாஸ் கொடுங்க, பேட்ச்சை முடிச்சுக்கறேன்."

பேனல் ஆபரேட்டர் கேட்டது இவ்வளவுதான்: டாங்க் நிறைந்துவிட்டது என்று ஃபீட் பம்ப்பை நிறுத்தும் ஸ்விட்ச்சின் பேச்சை ஒரு மணி நேரம் கேட்காமல் விட வேண்டும். முடியாது என்றேன்.

அவர் சொன்னது சரியாக இருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. அந்த ஸ்விட்ச் இரண்டு கால் கொண்ட அதிரும் ஃபோர்க்; திரவத்தில் மூழ்கினால் அதன் அதிர்வெண் குறையும். அதை வைத்துத்தான் ஹை-ஹை டிரிப், அதாவது அளவு மிக உயர்ந்தால் தானாக நிறுத்துவது. பிசின் கெட்டியாக அப்பினாலும் அதிர்வெண் குறையும். திரவம் அந்த உயரத்துக்கு வராமலே டாங்க் நிறைந்துவிட்டதாகச் சொல்லும்.

ஆனால் அழுத்த வித்தியாசத்தை வைத்து அளவு சொல்லும் டிபி டிரான்ஸ்மிட்டரும் அதே பிசினைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அழுத்தம் வரும் துளையான டேப்பிங் அடைத்துக்கொண்டால், கடைசியாகச் சிக்கிய அழுத்தத்தையே பிடித்துக்கொண்டு 62 சதவீதத்துக்கான 13.9 மில்லியாம்பியரில் ஒழுங்காக நிற்கும். ஃபால்ட் என்று எதுவும் வராது. நேரத்தோடு அளவு மாறுவதைக் கோடாகக் காட்டும் டிரெண்டைப் பார்த்தேன். வழக்கமான சிற்றலை இல்லாமல் கோடு நேராகக் கிடந்தது. "கலக்கற அஜிட்டேட்டரை நிறுத்தியிருக்கோம் சார், அதான் அசையல" என்றார். அதுவும் நியாயமான காரணமே.

2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் பெட்ரோல் டாங்க் நிரம்பி வழிந்து வெடித்தது. அளவுமானி ஒரே இடத்தில் சிக்கி நின்றிருந்தது. தனியாக வைத்திருந்த ஹை லெவல் ஸ்விட்ச்சும் வேலை செய்யவில்லை. எங்கள் ஸ்விட்ச்சோ நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் எப்படி வாயடைப்பேன்?

கழற்றிப் பார்த்தோம். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே பிசின் இறுகிப் போயிருந்தது. டிரான்ஸ்மிட்டர் காட்டியது சரி. அதற்குள் பேட்ச் கெட்டுவிட்டது.

"நீங்க ரூல்படி செஞ்சீங்க சார்" என்றார். "அடுத்த தடவை கேட்க மாட்டோம்."

கோபத்தில் சொன்னாரா, முடிவெடுத்துச் சொன்னாரா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. நேரம் குறித்து, கையெழுத்து வாங்கி, ஃபீட் பம்ப் அருகே ஆளை நிறுத்தி பைபாஸ் கொடுக்க முறை உண்டு. கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். உடனே, அந்த ஆள் எதைப் பார்த்து பம்ப்பை நிறுத்துவான் என்றும் தோன்றும். அளவை நேரில் பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸும் பிசினால் மூடியிருந்தது. அவனுக்கும் அதே 62தான். அதே சூழல் நாளை வந்தாலும் மறுக்கத்தான் செய்வேன். ஆனால் மறுப்பதற்கு முன் அவரை உட்கார வைத்து டிரெண்டை இருவரும் சேர்ந்து பார்த்திருந்தால், அந்தக் கடைசி வாக்கியம் வந்திருக்குமா?

அதன் பிறகு அந்த ஸ்விட்ச் பற்றிப் புகாரே இல்லை. ஃபோர்க்கை ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தோம், அதனால் இருக்கலாம். சிஸ்டம் வழியாக பைபாஸ் போட்டால் பதிவாகும். வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் ஸ்விட்ச்சைத் தாண்டி ஒரு ஜம்பர் வயர் போட்டால் பதிவாகாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்துவிடுகிறேன். இதுவரை வயர் எதுவும் இல்லை. நான் திறந்து பார்ப்பது அவருக்கும் தெரியும்.