நனைந்த சிலைடு, ஸ்டீராய்டு மாத்திரை: வயதான நாய்க்குப் புற்றுநோய் என்றபோது

வயதான நாய்க்குத் தாடைக்குக் கீழே நெறி கட்டினால், உச்சிப்புளி தொடங்கிப் பாம்பன் வரை எங்கள் பக்கத்தில் முதலில் கைக்கு வருவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அட்டைதான். நாலைந்து நாளில் வீக்கம் வற்றும், நாய் சோறு கேட்கும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அந்த அட்டையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்ததுதான் இந்த அலைச்சல் முழுவதிலும் நடந்த ஒரே உருப்படியான காரியம்.

காரணம் இதுதான். கட்டியிருப்பது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாக இருந்தால், ஸ்டீராய்டு உள்ளே போனதும் அந்தச் செல்கள் கரைய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு ஊசி குத்தி எடுத்தாலும் என்ன நோய் என்று திட்டமாகச் சொல்ல முடியாத சாம்பிள்தான் வரும். போதாததற்கு, சில வாரம் ஸ்டீராய்டு மட்டும் தின்று பழகிய புற்று அப்புறம் போடும் கீமோவுக்கும் எளிதில் மசியாது. ஆகவே சாம்பிள் எடுத்து, கீமோவா இல்லையா என்று வீட்டில் முடிவாகும்வரை ஸ்டீராய்டு வேண்டாம். "சும்மா வீக்கத்துக்குத்தான்" என்று சொல்லிப் போடும் ஊசியில் டெக்ஸாமெத்தசோன் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அதுவும் ஸ்டீராய்டுதான்.

எங்களுடையது 12 வயது நாட்டு நாய், பெட்டை, 18 கிலோ. தாடை, தோள்முன், முழங்காலுக்குப் பின்புறம் என்று இரண்டு பக்கமும் நெறி. வலி இல்லை. "வயசாயிருச்சுல்ல, விட்டுருங்க" என்றார்கள். வயதாவது நோயின் பெயர் அல்ல. இப்படி நெறி கட்ட இன்னொரு பெரிய காரணம் உண்டு: உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கிருமி ஏறினாலும் நெறி கட்டும், மண்ணீரல் வீங்கும், நாய் இளைக்கும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும். ஆனால் அதற்கு டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் 28 நாள் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வருஷம் முழுக்க உண்ணி ஒட்டும் நம் ஊர் வெக்கையில் இதைப் பார்க்காமல் புற்று என்று தலையில் கை வைக்கக் கூடாது. புற்றும் உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்தே இருக்கும் நாய்களும் உண்டு.

ரத்தப் பரிசோதனையில் ஒரு எச்சரிக்கை. மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், மெஷின் சொல்லும் பிளேட்லெட் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிளேட்லெட்டுகளை மெஷின் எண்ணாமல் விட்டுவிடும், பயமுறுத்தும் எண் வரும். கண்ணாடிச் சிலைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கால்சியம் அளவையும் சேர்த்தே கேளுங்கள். சிலவகை லிம்போமாவில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இல்லை, கால்சியம் சரி.

இனி சாம்பிள். எரிச்சல் இன்னும் ஆறாத இடம் இது.

குத்துவதே சுலபம். 22 கேஜ் ஊசி போதும், மயக்க மருந்து தேவையில்லை. தாடை நெறியில் குத்த வேண்டாம், முழங்கால் பின்புறத்திலோ தோள்முன்னோ எடுக்கச் சொல்லுங்கள். வயதான நாயின் பல்லில் காரை படிந்து ஈறு புண்ணாகியிருக்கும்; அந்தச் சீழுக்கே தாடை நெறி வீங்கும், சிலைடில் குழப்பம்தான் வரும். நிணநீர்ச் செல்கள் மெல்லியவை. சிலைடின்மேல் சிலைடை வைத்து அழுத்தித் தேய்த்தால் உடைந்து நூல் நூலாகிவிடும். தேய்த்த உடனே காற்றில் உலர்த்த வேண்டும். கடற்காற்றில் ஈரம் அதிகம், தானாக உலரட்டும் என்று விட்டால் செல் சுருங்கி உருவம் மாறும். ஃபேன் அடியில் பிடித்து ஆட்டினால் போதும். பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். சாயம் போடுமுன் சிலைடை மெத்தனாலில் முக்குவார்கள், மார்க்கர் மை அதில் அழிந்துபோகும்.

இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. கெடுத்தது பொட்டலம். எடுத்துக்கொடுத்த இடத்தில் நல்லெண்ணத்தோடு, மீன் அனுப்பும் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அதில் சிலைடுகளையும், கூடவே வேறொரு நாயின் கட்டி கிடந்த ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) பாட்டிலையும் வைத்து டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். சீலா மீனுக்கு அந்தப் பொட்டலம் அருமை. சிலைடுக்கு இரண்டு வகையில் எமன். குளிரில் கண்ணாடி வியர்த்து, அந்தத் தண்ணீர் பட்டுச் செல்கள் வெடித்தன. ஃபார்மலின் ஆவி பட்ட சிலைடில் சாயமும் சரியாக ஏறாது. மதுரை லேப் "பார்க்கத் தகுதியற்றது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டது.

அந்த ஒரு வரியை வாங்கவே முதலில் கவுண்டரைத் தாண்ட வேண்டியிருந்தது. கடிதத்தில் கால்நடை மருத்துவரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, பதிவெண் இல்லை. "நம்பர் இல்லாம என்ட்ரி போட முடியாதுங்க." வாட்ஸப்பில் வந்த எண்ணைக் காட்டினால் ஒரிஜினல் வேண்டும் என்றார். பரமக்குடி, மானாமதுரை தாண்டிப் போன பயணம் அப்படியே வீண். கிளம்புமுன் கடிதத்தில் பதிவெண், நாயின் வயது, எந்த நெறியில் எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது, ஸ்டீராய்டு கொடுத்தாயிற்றா இல்லையா என்று ஐந்தும் இருக்கிறதா பாருங்கள்.

மறுபடி எடுத்த சிலைடுகள் பிளாஸ்டிக் சிலைடு டப்பாவில், ஐஸ் இல்லாமல், தனியாகப் போயின. ரத்தக் குழாய் மட்டும் தனிப் பையில், ஐஸ் மேலே படாதபடி துணி சுற்றிப் போயிற்று. கட்டியை அறுத்து எடுத்து அனுப்புவதானால் கட்டியைப்போலப் பத்து மடங்கு 10% ஃபார்மலின், வாய் அகன்ற பாட்டில். அதையும் ஐஸில் உறைய விடக்கூடாது. ரிப்போர்ட் வந்தது: லிம்போமா.

வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பக் காத்திருந்த பிள்ளைக்கு, "செலவு என்ன ஆகும்" என்பதுதான் கேள்வி. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது வேறு: நாய் இன்னும் எவ்வளவு காலம் இருக்கும்? எதுவும் செய்யாவிட்டால் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். பிரெட்னிசலோன் மட்டும் என்றால் ஒன்று, இரண்டு மாதம். நாலு மருந்து மாற்றி மாற்றிப் போடும் முழு கீமோ பல நாய்களுக்கு ஒரு வருஷம்வரை நல்ல காலம் தரும், ஆனால் மாதக்கணக்கில், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஊசிக்குப் போய்வர வேண்டும். முற்றாகக் குணமாவது அரிது. இடைவழி ஒன்று உண்டு: டாக்ஸோரூபிசின் என்ற ஒரே கீமோ மருந்து மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து தடவை. தூரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் தோது. எங்களுக்கும் அதில்தான் கண் இருந்தது.

அந்த மருந்து இதயத்தைப் பிடிக்கும். அதனால் போடுமுன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். எடுத்ததில் எங்கள் நாயின் இதயத்தசை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. டாக்ஸோரூபிசின் அத்தோடு கழிந்தது. மிச்சம் வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து சேர்ந்த வாராந்தர ஊசிகள். காரில் ஏறினாலே வாந்தி எடுத்து நடுங்கும் நாயை வாராவாரம் நாலைந்து மணிநேரம் உட்காரவைப்பது, ஒவ்வொரு முறையும் வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பது, குறைந்திருந்தால் ஊசி போடாமல் திரும்புவது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். இதயம் சரியாக இருந்து, காரில் ஜாலியாக வரும் 12 வயது நாயாக இருந்தால் எங்கள் பதில் வேறாக இருந்திருக்கும். நாய்க்குப் போடும் அளவில் முடி கொட்டி, சுருண்டு படுக்கும் அவஸ்தை பெரும்பாலும் வராது; மனிதர் கீமோவை நினைத்துப் பயந்து மறுக்காதீர்கள். சென்னை வேப்பேரியிலும் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, நேரில் கேட்டுவிட்டே முடிவெடுங்கள். ரயிலில் என்றால் முதல் வகுப்புக் கூப்பே முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நாய் கார்டு பெட்டிக் கூண்டில்தான்.

ஆக, அலமாரி அட்டை வெளியே வந்தது. மருத்துவர் எழுதியபடி கிலோவுக்கு 2 மி.கி.யில் தொடங்கி, வாரம் பார்த்துக் குறைப்பது. சோறு தின்றபின்தான் மாத்திரை. கால்வலிக்கு முன்பு கொடுத்த மெலாக்ஸிகம் அன்றே நிறுத்தம். இரண்டும் சேர்ந்தால் குடலில் புண்ணாகி ரத்தம் போகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. தாகமும் மூத்திரமும் இரட்டிப்பாகும், தண்ணீரைக் குறைக்காதீர்கள். எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு, அதற்கும் குடத்துத் தண்ணீர்தான் வைக்கிறோம். கருவாடு நிறுத்தியாயிற்று, இதயத்துக்கு உப்பு ஆகாது. அதில் மட்டும் அவளுக்கு எங்கள்மேல் கோபம்.

வலியில்லாமல் உயிரை முடித்துவைக்கும் கடைசி ஊசி பற்றி முன்கூட்டியே பேசிவைத்துவிட்டோம். மாட்டாஸ்பத்திரியில் மதியத்துக்குமேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கிடைப்பது கஷ்டம். தயோபென்டோன் என்ற மயக்க மருந்து கையிருப்பு உண்டா, வீட்டுக்கு வருவாரா, முதலில் ஆழ்ந்த மயக்கம் கொடுத்த பின்தான் அடுத்த மருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழிக்கு மேட்டு நிலம் பாருங்கள், கரையோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். குறைந்தது நாலடி ஆழம் வேண்டும், மேலே கல் அடுக்க வேண்டும். மயக்க மருந்து உடலிலேயே தங்கும். தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் விழுந்துவிடும்.