லோன் சார்ஜ்: 2012-13 வரி ரிட்டர்ன் நகல் கிடைத்ததால் தப்பிய ஓராண்டு வரி

இங்கிலாந்தில் கன்ட்ராக்டராக இருக்கும் நம் ஆட்களுக்கு லோன் சார்ஜ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ராக்டரைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் அம்ப்ரெல்லா கம்பெனி, பேஸ்லிப்பில் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் காட்டும். மிச்சப் பணம் ஐல் ஆஃப் மேன், ஜெர்சி மாதிரி இடத்திலிருக்கும் ஒரு டிரஸ்ட் வழியாகக் கடன் என்ற பெயரில் வரும். இதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று வாயால் சொல்வார்கள், எழுத்தில் தரமாட்டார்கள். அப்படி வந்த கடனில் 2019 ஏப்ரல் 5 அன்று பாக்கி இருந்ததையெல்லாம் ஒரே வருடத்து வருமானமாகக் கணக்கில் சேர்த்து வரி கேட்பதற்காக 2017-இல் கொண்டுவந்த சட்டம்தான் லோன் சார்ஜ். பல வருடத்துப் பணம் ஒரே வருடத்தில் வந்து விழும்போது 20 சதவீத வரிக்குள் இருந்தவர்கூட 40, 45 என்று போய்விடுவார்.

நான் அந்தத் திட்டத்தில் இருந்தது 2011-இலிருந்து 2014 தொடக்கம் வரை. வேலை வாங்கித் தந்த ஏஜென்சியே கையில் கொடுத்த பட்டியலில் இருந்த கம்பெனிதான். மூத்த வழக்கறிஞரின் சட்டக் கருத்து என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டினார்கள். டோடாஸ் எண் ஒன்றையும் காட்டி, வரித்துறையில் பதிவான திட்டம் இது என்றார்கள். பதிவு என்றால் அங்கீகாரம் இல்லை, இப்படியொரு திட்டம் நடக்கிறது என்று தகவல் கொடுத்ததற்கான எண், அவ்வளவுதான். இதை அன்றைக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. இப்போதும் வேறு வேறு பெயரில் இதே மாதிரி விற்கிறார்கள், ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

சரி, செட்டில்மென்ட், அதாவது வரித்துறையோடு போட்டுக்கொள்ளும் உடன்படிக்கை. லோன் சார்ஜ் வந்து விழும் முன் உடன்படிக்கை போட்டுவிட்டால், கடன் வாங்கிய அந்தந்த வருடத்து விகிதத்தில் வரி, அதோடு வட்டி. எனக்கு அதுதான் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆனால் அதற்கு எந்த வருடம் எவ்வளவு கடன் என்று சொல்ல வேண்டும், அங்கேதான் அலைச்சல் ஆரம்பித்தது. அம்ப்ரெல்லா கம்பெனியை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடினால் கலைக்கப்பட்டுவிட்டது என்று வந்தது, அதே இயக்குநர் பெயரில் தேடினால் இன்னொரு கம்பெனி உயிரோடு இருந்தது, அவர்களிடம் கேட்டால் எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒற்றை வரி பதில். டிரஸ்ட்டுக்கு எழுதிய கடிதம் அப்படியே திரும்பி வந்தது. பட்டியல் கொடுத்த ஏஜென்சி, அவ்வளவு பழைய விவரமெல்லாம் வைத்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டது. திட்டத்தோடு சேர்த்து எங்களுக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த கணக்காளர், கோப்பைத் தேடித் தரக் கட்டணம் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, அப்புறம் கோப்பை அழித்துவிட்டோம் என்று மின்னஞ்சல் போட்டார். அந்தக் கட்டணத்தைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு தனி.

வங்கிக் கிளையிலும் இதே கதைதான், ஆறு வருடத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று கவுண்டரிலேயே அனுப்பிவிட்டார்கள். விடாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டேன், பழைய ஸ்டேட்மென்ட் வந்தது. அதில் ஒரே நாளில் இரண்டு வரவு இருக்கும், சின்னத் தொகை சம்பளம், பெரிய தொகை வேறு பெயரிலிருந்து. அந்தப் பெரிய வரவுகளை வருட வாரியாகக் கூட்டித்தான் கணக்குக் கொடுத்தேன். கவுண்டரில் முடியாது என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

கையெழுத்து, தவணை இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. வருமானம் 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்து, விற்றுக் கட்டச் சொத்தும் இல்லையென்றால் குறைந்தது ஐந்து வருடத் தவணை, 30,000-க்குக் கீழே என்றால் ஏழு வருடம் என்று அப்போது அறிவித்திருந்தார்கள். நான் அந்த வரம்புக்குள் வராததால் வீட்டை மறு அடமானம் வைத்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். எனக்கு 2011-12, 2013-14 இரண்டுக்கும் எச்எம்ஆர்சி, அதாவது வரித்துறை, என்கொயரி (விசாரணை) திறந்திருந்தது, நடுவில் 2012-13-க்குத் திறக்கவே இல்லை. ஆனாலும் செட்டில்மென்ட்டில் அந்த வருடத்துக்கும் சேர்த்தே கட்டியிருந்தேன், அதற்கு அவர்கள் வைத்த பெயர் தானாக முன்வந்து கட்டியது. 2019 டிசம்பரில், லோன் சார்ஜைப் பற்றி அரசு கேட்டு நடந்த சர் அமயாஸ் மோர்ஸ் ஆய்வு வெளிவந்த பிறகு விதி மாறியது. 2010 டிசம்பர் 9-க்கு முந்தைய கடன்கள் விலக்கப்பட்டன. அதன் பிறகு 2016 ஏப்ரல் 5 வரை வாங்கிய கடனிலும், ரிட்டர்னில் நியாயமான அளவுக்கு விவரம் சொல்லியிருந்து வரித்துறை நடவடிக்கை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த வருடமும் விலக்கு. அப்படிக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழி வந்தது.

விவரம் சொல்லியிருந்ததை எதை வைத்துக் காட்டுவது? அந்த ரிட்டர்ன் கணக்காளர் போட்டது, என்னிடம் நகல் இல்லை, அவர் அழித்துவிட்டார். எச்எம்ஆர்சிக்கே சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நம்மைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமை அது, கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். என் தகவல் எல்லாம் வேண்டும் என்று பொதுவாக எழுதாமல், எந்த வருடம், ரிட்டர்ன் நகல், அதோடு வந்த கூடுதல் தகவல் பக்கம், தொலைபேசிக் குறிப்புகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வந்த கட்டில் 2012-13 ரிட்டர்னின் கூடுதல் தகவல் பகுதியில் திட்டத்தின் எண், கடன் தொகை, கொடுத்தது எந்த டிரஸ்ட் என்று எல்லாமே இருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்து அனுப்பி, காத்திருந்து, கடைசியில் அந்த வருடத்துப் பணம் திரும்பி வந்தது. என் மனைவி அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மற்ற இரண்டு வருடத்துப் பணம் போனது போனதுதான். 2025 நவம்பர் 26 அன்று, லோன் சார்ஜை மறுபடி ஆராய்ந்த ரே மெக்கான் ஆய்வறிக்கை வந்து, அரசு அதன் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுப் புதிய செட்டில்மென்ட் வாய்ப்பை அறிவித்தபோது, ஏற்கெனவே உடன்படிக்கை போட்டுக் கட்டி முடித்த எங்களை மாதிரி ஆட்களுக்கு அதில் இடமில்லை. சொன்ன தேதிக்குள் ஒழுங்காகக் கட்டியவனுக்கு ஒன்றுமில்லை என்பதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் நீங்கள் இன்னும் முடிக்காதவர் என்றால் தயவுசெய்து பழைய கணக்கின் மேல் கையெழுத்துப் போடாதீர்கள், புதிய நிபந்தனையில் உங்கள் தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள், பலருக்குப் பாதிக்கு மேல் குறையும் என்பது அரசே சொன்னது. இந்த விவகாரத்தோடு தொடர்புடைய 10 தற்கொலைகள் பதிவாகியிருக்கின்றன. ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123-க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. வரியைக் கட்டிவிட்டதால் கடன் தீர்ந்துவிடாது, இரண்டும் சட்டத்தில் வேறு வேறு. அந்தப் பழைய கடன்களை நாங்கள் வாங்கிவிட்டோம், அசலைக் கட்டு என்று கேள்விப்படாத ஒரு கம்பெனியிலிருந்து எனக்கும் கடிதம் வந்தது. பதறிப்போய் கட்டுகிறேன், அவகாசம் கொடுங்கள் என்று எழுதிவிடாதீர்கள், ஒப்புக்கொண்டு கையெழுத்தோடு ஒரு வரி எழுதினாலும் கடனுக்காக வழக்குப் போடும் காலக்கெடு முதலிலிருந்து தொடங்கிவிடலாம். உறையோடு எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வழக்குகளைப் பார்க்கும் சொலிசிட்டரிடம் கொடுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போனால் செலவும் பங்காகும், நாங்கள் அப்படித்தான் செய்தோம். போன மாதம் அவர்களிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது, அதையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.